ஏழாம் நம்பர்

நடைபாதையில் மணிக்கு எட்டு மைல்.
ஆள் தெரிந்தால் ஐந்து.
கூட்டமென்றால் இறங்கித் தள்ளச் சொல்லி விதியில்லை,
நான் தள்ளியிருக்கிறேன்.

டுலூத்தில் ஏப்ரலிலும் பனி விடாது.
நூலகச் சரிவில் பிரேக்கை நம்பக்கூடாது.
பின்தட்டில் நாற்பது மடக்கு நாற்காலிகள்,
இரண்டு கயிறு,
மூன்றாவது என் சந்தேகத்துக்கு.

பெட்ரோல் வண்டியாய் இருந்தவரை
நான் வருவதை ஊரே அறியும்.
இப்போது பேட்டரி. பூனை நடை.

போன செவ்வாய், வேதியியல் கட்டட முனையில்
ஒரு வெள்ளைக் கைத்தடி என் சக்கரத்தைத் தொட்டது.
நின்றபின் தொட்டதா, தொட்டபின் நின்றேனா,
இன்னும் தெரியவில்லை.
"யாரது?" என்றான் ஹக்காலா.
"ஏழாம் நம்பர்" என்றேன்,
என் பெயர் வாயில் வரவில்லை.
அவன் திட்டவில்லை.
திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

மறுநாள் கண்ணாடிக் கம்பியில்
ஒரு சாவிக்கொத்தைத் தொங்கவிட்டேன்.
இடித்துவிட்ட விடுதியின் சாவிகள், முப்பத்தொன்று.
திறக்கக் கதவில்லை,
சின்னப் பள்ளத்துக்கும் வாய் திறக்கும்.

மேற்பார்வையாளர் வெண்டெல் படிவத்தோடு வந்தார்:
வண்டியில் எதையும் தொங்கவிடலாகாது, பிரிவு பதினொன்று.
கையெழுத்துப் போட்டேன். அவிழ்த்துக் கொடுத்தேன்.

இன்று காலை சார்ஜரைப் பிடுங்கும்போது
இருக்கைக்கு அடியில்
போல்ட் போட்டு முடுக்கிய காபி டப்பா.
உள்ளே சாவிகள்.
எதுவும் தொங்கவில்லை.
வெண்டெல் தூரத்தில், முதுகைக் காட்டி,
உப்புத் தூவிக்கொண்டிருந்தார்.

வேதியியல் முனை. ஐந்து மைல்.
கைத்தடி நின்றது.
"போங்க, ஏழாம் நம்பர்."

போகவில்லை.
நடப்பவர்தான் முதலில்.
பிரிவு மூன்று.