பட்டை மரப்பு

ஷீட் அடிக்கிற ரோலர்
வலது கையில் இரண்டு விரலை வாங்கிக்கொண்டது.
கடையாலுமூட்டில் அப்போது காலை ஒன்பதரை.
ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் இறங்கும்போது
ரத்தத்தோடு ரப்பர் பாலும் காய்ந்து
கைக்கு ஓர் உறை போட்டிருந்தது.

காறை எலும்புக்கு மேலே ஊசியாம்.
டாக்டர் ஷர்லின் திரையைத் திருப்பிக் காட்டினாள்:
சாம்பல் நிறத்தில் சின்னதாய் ஒரு திராட்சைக்குலை.
"இதுதான் உங்க கைக்குப் போற நரம்பு."

மருந்து இரண்டு இருக்கிறது.
பழையது பாதி ராத்திரி வரை தாங்கும்.
புதியது கொழுப்புக் குமிழிக்குள் அடைபட்டு
ஒவ்வொன்றாய் உடைந்து மூன்று நாள் கசியும்.
எனக்கு எது என்று அவளுக்கும் தெரியாது,
கவருக்குள் இருக்கிறது.
கையெழுத்துப் போடுகிற கைதான் நசுங்கியது என்பதால்
இடது பெருவிரலை மையில் அமுக்கினேன்.

கசிவது எனக்குப் புதிதில்லை.
விடியுமுன் போட்ட வெட்டு
பத்து மணிக்கெல்லாம் தானே அடைத்துக்கொள்ளும்.
இன்னும் கொஞ்சம் ஒழுகட்டும் என்று
பட்டையில் மருந்து தேய்ப்போம்.
கூடிப்போனால் மரம் வறண்டு நின்றுவிடும்,
கத்தி வைத்தாலும் ஒரு சொட்டு வராது.
பட்டை மரப்பு என்போம் அதை.
எந்த மரத்திடமும் போய்
பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லு என்று
நாங்கள் கேட்டதில்லை.

ஷர்லின் கேட்டாள், மூன்று மணிக்கொரு தடவை.
பூச்சியம்.
பூச்சியம்.
ராத்திரி ஒரு மணிக்குப் பக்கத்துக் கட்டில் மேர்லெட்,
முட்டத்துக்காரி, மணிக்கட்டு முறிந்தவள்,
எட்டு என்றாள்.
பிறகு எண் சொல்லவில்லை, மாதாவைக் கூப்பிட்டாள்.
எனக்குப் பூச்சியம். சொல்ல வெட்கமாயிருந்தது.

கை கட்டிலிலிருந்து சரிந்து தொங்கியது.
யாருடையதோ என்று எடுத்து வயிற்றில் வைத்தேன்.
நல்ல கனம். இளஞ்சூடு.
அதன்மேல் டீ தளும்பி விழுந்ததை
மறுநாள் கொப்புளம் பார்த்துத்தான் அறிந்தேன்.
அதையும் எழுதிக்கொண்டாள், முகம் வாடி.
"வலி மட்டும் தூங்கணும், கை முழிச்சிருக்கணும்.
அந்த மருந்து இன்னும் வரல."

மூன்றாம் ராத்திரி,
பால்வெட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில்
பெருவிரல் தானாக அசைந்தது.
பின்னாலேயே வந்தது,
முதலில் எறும்பு, பிறகு ரோலர்.

நாலு மணிக்கு ஷர்லின் வந்தாள்.
அவளும் மூன்று ராத்திரியாய்த் தூங்கவில்லை.
பாவமாயிருந்தது.
மூன்று, என்றேன்.
எழுதிவிட்டு என் புருவத்தைப் பார்த்தாள்.
"எனக்காகக் குறைக்காதீங்க அக்கா.
நீங்க சொல்ற பொய்
அடுத்தாளோட நரம்புலதான் போய் ஏறும்."

ஏழு, என்றேன்.

மூன்றின் மேல் சாய்வாய் ஒரு கோடு,
நாங்கள் பட்டையில் இழுக்கிற அதே சாய்வு.
பக்கத்தில் ஏழு.
அதன்கீழ் தன் கையொப்பம்.