ஏழாம் பக்கம், கீழ்ப்பாதி

எனக்கு ஒதுக்கிய நிலம்
ஏழாம் பக்கத்தின் கீழ்ப்பாதி.
அதிலும் யாராவது செத்துவிட்டால்
கண்ணீர் அஞ்சலிக்கு ஆறு சென்டிமீட்டர் போய்விடும்.
துக்கம் காசு கொடுத்து வருகிறது.
கபடி ஓசியில்.

மே மாதம். இரவு ஒன்பது ஆகியும்
வேலூரின் சுவர்களுக்கு ஜுரம் இறங்கவில்லை.
மின்விசிறி சூட்டை இடம் மாற்றி வைக்கிறது.
மேசையில்
ஆம்பூர் ஷூ கம்பெனி அணிகளின் கால்பந்து,
திருவலம் வாலிபால்,
பேரணாம்பட்டிலிருந்து ஃபயாஸ் பாய் போனில் சொன்ன
கிரிக்கெட் ஸ்கோர்.
(அவருடைய அணி தோற்ற நாட்களில்
ஓவர் கணக்கு மட்டும் மறந்துபோகும்.)

இருபது வருஷத்தில்
மூன்று வினைச்சொற்களைத் தேய்த்திருக்கிறேன்:
வீழ்த்தியது, பந்தாடியது, போராடித் தோற்றது.
போராடாமல் தோற்றவர்களுக்கும்
மூன்றாவதைத்தான் கொடுக்கிறேன்.
வேண்டாமென்று யாரும் வந்து நின்றதில்லை.

இன்று மாலை சத்துவாச்சாரியில்
பளுதூக்கும் போட்டி. நேரில் போயிருந்தேன்.
நிரோஷா, ஐம்பத்தொன்பது கிலோ பிரிவு.
அப்பா கன்னியப்பன் மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர்.
தொடக்கமே எண்பத்து மூன்று கேட்டாள்.
கோச் முனிரத்தினம் தலையில் கைவைத்துக்கொண்டார்.

முதல் தடவை கம்பி முன்னால் விழுந்தது.
அடுத்தது பின்னால்.
மூன்றாவதில்
கம்பி தலைக்கு மேலே போய் நின்றது,
அவளும் எழுந்து நின்றாள்,
எவனோ அவசரப்பட்டு விசிலடித்தான்,
இடது முழங்கை
ஒரு கொசு உட்கார்ந்த அளவுக்கு அசைந்தது.
இரண்டு சிவப்பு, ஒரு வெள்ளை.

மூன்றும் தவறினால் கணக்கில் ஆளே கிடையாது.
சங்கச் செயலாளர் அனுப்பிய பட்டியலில்
மூன்று பேர் இருந்தார்கள்.
முதலிடம் எழுபத்தாறு.

ஒன்பதே முக்காலுக்கு கன்னியப்பன்:
"சார், பாப்பா பேரப் போட்டுடாதீங்க.
ஞாயித்துக்கெழம வாலாஜாலருந்து
பொண்ணு பாக்க வராங்கோ."
போடவில்லை என்றேன்.
போடுவதற்கே ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை.

பத்து மணிக்கு அவளே.
பின்னால் பஸ் ஹார்ன்.
"எங்கப்பா பேசினாரா சார்?
பேரு போடுங்க. தோத்துட்டேன்னே போடுங்க.
ஆனா எந்த வெயிட்டுன்னு போடுங்க.
எண்பத்தி மூணு."

பக்கம் கட்டும் ஏகாம்பரம்
கடிகாரத்தைப் பார்க்காததுபோல் பார்த்தான்.
காட்பாடியில் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர்
அன்றைக்கென்று இறந்திருந்தார், டபுள் காலம்.
மும்பை ஆட்டத்தின் கடைசிப் பத்தியை வெட்டினேன்.
அதற்கு டி.வி. இருக்கிறது.
நான்கு வரி கிடைத்தது, வினைச்சொல் கிடைக்கவில்லை.
வீழ்த்தவில்லை.
தோற்றாள் என்றால், அதுவும் முழுசாக இல்லை.
மூன்று முறை முயன்றார் என்று எழுதி அனுப்பிவிட்டு
பரோட்டா தின்னப் போனேன்.

காலை ஆறரைக்கு போன்.
"சார், முப்பத்தெட்டுன்னு வந்துகீது."
பேப்பரைப் பிரித்தேன்.
மை வாசனையோடு, திருத்தமாக,
38 கிலோ.
"அது நான் ஏழாவது படிக்கிறப்ப தூக்கினது சார்.
இருங்க, அப்பா பேசணுமாம்."

நான் மன்னிப்பைத் தயார் செய்தேன்,
பேர் போட்டதற்கு.
"இன்னா சார் இது?
முப்பத்தெட்டுன்றது அர மூட்ட.
அர மூட்டைக்கா எம்பொண்ணு மூணு தபா உழுந்தா?
மார்க்கெட்டே சிரிக்குது.
சரியா போடுங்க."
வாலாஜாக்காரர்களைப் பற்றி நான் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.

எங்கள் பத்திரிகையில்
திருத்தத்துக்குக் கட்டம் உண்டு, தடித்த எழுத்து உண்டு,
செய்திக்குக் கிடைக்காத மரியாதையெல்லாம் உண்டு.
எண் வேண்டாம், எழுத்தில் போடு என்றேன்:
எண்பத்து மூன்று.
ஏகாம்பரம் ஸ்கேலை வைத்து அளந்தான்.
இன்றைக்கு யாரும் சாகாமல் இருந்தால்
டபுள் காலம் தரலாம் என்றான்.