கருந்தும்பி, மூன்றாம் பாகம்

முதலில் அந்த அங்கவஸ்திரம்.
தோளிலிருந்து குதிகால் வரை ஏழு முழம்.
அதைக் கட்டிக்கொண்டு
கடலூர் முதுநகர் லைனில் ஒரே ஒரு கம்பம்
ஏறிக் காட்டட்டும் கருந்தும்பி.
கிராஸ் ஆர்மில் மாட்டித் தலைகீழாய்த் தொங்குவான்.
ஏணி எடுத்து ஓடுவது நாங்களாய் இருப்போம்.

அடுத்தது மின்னல்.
நேராக உள்ளங்கையில் வாங்குகிறான்.
கையுறை எங்கே, எர்த் எங்கே என்று
தியேட்டரில் வாய்விட்டே கேட்டுவிட்டேன்.
முன்வரிசைப் பையன் திரும்பி
"அங்கிள், அவன் வேற கிரகம்" என்றான்.
எந்தக் கிரகமானாலும்
கரண்ட் திரும்பிப் போக ஒரு வழி வேண்டும் தம்பி.

இருந்தும் மூன்று பாகமும் பார்த்தவன் நான்.
முதல் பாகம் நான்கு முறை.
அதில், சக்தி வருவதற்கு முன்,
வாடகை பாக்கியோடு மாடிப்படியில் உட்கார்ந்து
ஒரு பன் தின்பான்.
பேச்சில்லை, இசையில்லை.
மெல்லுவது மட்டும் கேட்கும்.
அந்தப் பன்னுக்காக
இரண்டாம் பாகத்தின் வெடிப்புகளையெல்லாம் மன்னித்தேன்.

மூன்றாம் பாகத்தை மாட்டேன்.
நகரமே இடிந்து விழுகிறது.
அடுத்த காட்சியில் எல்லா வீட்டிலும் லைட்.
யார் இழுத்தது அந்த லைனை?
தானே புயலுக்குப் பிறகு
முந்திரிக் காடுகளுக்குள் கம்பம் நட்டுவிட்டு
நான் வீட்டுக்குப் போனபோது
மகளுக்குப் பல் முளைத்திருந்தது.

தையல்நாயகி கட்சி வேறு.
அவளுக்கு எட்டரை மணி, சாந்தலட்சுமி நிவாஸ்.
அதில் ஒருத்தி
இரண்டு தீபாவளி தாண்டியும் எட்டு மாத கர்ப்பிணி.
சிரித்தேன்.
"ஒங்க ஆளு மூணு வாட்டி செத்து எழுந்தானே,
நான் சிரிச்சேனா?"
பதில் இல்லை.

எனக்கும் அந்த வில்லிச் சித்திமேல் ஒரு மதிப்பு உண்டு,
வீட்டில் சொன்னதில்லை.
கண்ணாடி முன் நின்று
சதித்திட்டத்தைத் தேதியோடு சொல்லிப் பார்க்கிறாள்.
பிரபஞ்சத்தை அழிக்க வந்தவனிடம்
ஒரு காலண்டர்கூடக் கிடையாது.

எங்கள் ஊர் வில்லனுக்கு முகமே இல்லை.
உப்பு.
கடல்காற்றில் வந்து பீங்கானில் படிந்து
மாதக்கணக்காய்ச் சும்மா இருக்கும்.
ஐப்பசியின் முதல் தூறலுக்குப்
பளீரென்று ஒரு நீலம்.
போன வெள்ளிக்கிழமை, எட்டு நாற்பத்தொன்று,
சித்தி தன் உண்மைப் பெயரைச் சொல்லப்போன நேரம்,
சோனாங்குப்பம் வரை இருட்டு.

செல்போன் நிற்கவில்லை.
"அண்ணே, பேரு சொல்றாண்ணே, கொஞ்சம் பாருண்ணே."
ஒருவர் கெஞ்சினார், ஒருவர்
என் பரம்பரையை விசாரித்தார்.
நானும் அஞ்சாப்புலியும் லைன் கிளியர் வாங்கி,
ஸ்விட்சைப் பிரித்து, எர்த் ராடு மாட்டி,
(கவனிக்க, கருந்தும்பி)
ஏறினோம்.
விரிசல் விட்ட பீங்கானைக் கழற்றும்போது
அது இன்னும் சுட்டது.
மழை காலருக்குள் இறங்கியது.
அஞ்சாப்புலி கீழேயிருந்து டார்ச்சை
என் கண்ணுக்கே அடித்தான், வழக்கம்போல.

கரண்ட் வந்ததும் தெருவெல்லாம் ஒரே ஓஓ.
முதல் காட்சியில் நாயகன் பறந்து வந்தால்
விசிலோடு எழும் அதே சத்தம்.
ஒருவரும் மேலே பார்க்கவில்லை.
கம்பத்துக்குக் கீழே வந்து
கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தோம்.
ஜன்னல் ஜன்னலாய் விளம்பரம் ஓடியது,
சோப்பு, பிறகு தங்கம், பிறகு சோப்பு.

பத்தேகாலுக்கு வீடு.
"பேர் என்னவாம்?"
"வாயத் தொறந்தா. தொடரும் போட்டுட்டானாம்.
பக்கத்து வீட்டுப் பொண்ணு போன்ல பாத்திருக்கா."
ஈரச் சட்டையை வாங்கிக்கொண்டாள்.
சோறு போட்டாள். ரசம் ஆறியிருந்தது.
வெளியே மறுபடி தூறல்.

"நாளைக்கு எட்டரைக்கு லைன் நிக்கணும்"
என்றாள் தையல்நாயகி,
வானத்தைப் பார்க்காமல்
என்னைப் பார்த்து.