பலகைக்கு அரை டிக்கெட்

வெல்லவாய பஸ்ஸில் கண்டக்டர்
என்னைப் பார்க்கவில்லை, பலகையைத்தான் பார்த்தான்.
ஏழடி நீளம். நடுவில் முறிந்து
ஜௌபர் ரெசின் ஊற்றி ஒட்டியது.
"இதுக்கும் டிக்கெட் எடுக்கணும் நங்கி."
உடைஞ்சதுதானே, அரை டிக்கெட் போடுங்க என்றேன்.
சிரித்தான்.
போட்டும் விட்டான்.

உகந்தைக்கு அப்பால்
பெயரில்லாத ஒரு கரையில் உடைந்தது அது.
பாணமையிலிருந்து மணல் தடத்தில் மோட்டார் சைக்கிள்.
யானை லத்தி கிடந்தால்
ஜௌபர் இறங்கிக் கை வைத்துப் பார்ப்பான்.
ஆறியிருந்தால் போவோம்.
சூடாக இருந்தால் என்ஜினை நிறுத்தி
காட்டுக்கு எங்கள் மூச்சுக்கூடக் கேட்காமல்
நின்றுகொண்டிருப்போம்.

அங்கே சிவப்புக் கொடி இல்லை, குடை இல்லை.
பாறைகள் முதுகு காட்டிப் படுத்திருக்கும்.
எங்களுக்கு முன்பே வந்த நண்டுகள்
கரை முழுக்கக் கிறுக்கி வைத்திருக்கும்.
நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும் கச்சான்
எழுகிற அலையின் நெஞ்சில் கை வைத்து
கொஞ்சம் பொறு என்னும்.
அந்தக் கொஞ்சத்துக்குள்
எழுந்து நிற்க வேண்டும்.

நின்றேன்.
ஒன்பது செக்கன் என்றான் ஜௌபர்.
பத்தாவது செக்கனில் பாறை.

அப்புத்தளையில் இறங்கினால் ஆடி மாசம்.
கணவாய்க்குள் இறுகி வந்த காற்று
பலகையை ஒரே இழுப்பில் பிடுங்கப் பார்த்தது.
பேக்கரி வாசலில் இரண்டு சுற்றுச் சுற்றினேன்.
திரீவீல் ஸ்டாண்டில் யாரோ விசிலடித்தார்கள்.
பிறகு முழங்காலை மடக்கி
பலகையின் கூர்முனையை மட்டும்
காற்றுக்குக் காட்டி
லயம்வரை நடந்தேன்.

"என்னாடி இது, துணி தேய்க்கிற மேசையா?"
அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம்
ஹோட்டலில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை.
கணுக்காலில் இருக்கும் வெட்டு, மாடிப்படியில் பட்டது.
ஆமா, மேசைதான் என்றேன்.

ராத்திரி இரண்டு மணிக்கு
எங்கள் காம்பராவின் தகரம் ஒன்று
ஆணியோடு கிளம்பிப் போனது.
தேயிலைக்குள் எங்கோ
விழுந்து, புரண்டு, மறுபடி எழும்பும் சத்தம்.
மேலே நீள்சதுரமாய் நட்சத்திரம்.
"அக்கா, ஒன் மேசையக் குடு" என்றான் சுதன்.

நான்தான் ஏறினேன்.
முனையை மேற்கே வைத்து
கம்பியால் இழுத்துக் கட்டினேன், கல் ஏற்றினேன்.
முழுசாக மூடவில்லை,
இரண்டு பக்கமும் ஒரு சாண் வானம்.
தெற்கே, மலைகள் தீர்ந்துபோன இடத்தில்
ஒரு கைப்பிடி வெளிச்சம்.
கடலோரத்து ஊர் ஏதோ.
ஆனால் காற்று கிழக்கே போய்க்கொண்டிருந்தது.
எங்கள் கூரையைப் பிய்த்த கையோடு
வெல்லவாயச் சோளக்காட்டைத் தாண்டி
விடியும்போது அங்கே போய்ச் சேர்ந்துவிடும்,
அலைகளைப் பொறு பொறு என்று சொல்ல.
இத்தனை நாளாய்
எங்கள் வீட்டைத் தாண்டி வந்த காற்றில்தானா
நான் நின்றேன்?

அம்மா கீழிருந்து டார்ச் அடித்தாள்.
வெளிச்சம் என் கால்களில் நின்றது.
இடது கால் முன்னே, இடுப்பு தாழ்ந்து,
இரண்டு கையும் விரிந்து.
நான் கவனிக்கவே இல்லை.
"எங்கடி பழகுன, இப்பிடி நிக்க?"

தண்ணியில, என்றேன்.

காற்று அதைக் கொண்டுபோயிருக்கலாம்.
வெகுநேரம் டார்ச் அசையவில்லை.
"எறங்குறப்ப பாத்து எறங்கு."

மிச்ச ராத்திரி முழுக்க
பலகைக்கு அடியில் படுத்திருந்தேன்.
ரெசின் கோடு மங்கலாய்த் தெரிந்தது.
மூன்று துடுப்பும் வீட்டுக்குள் தொங்கின.
ஒவ்வொரு வீச்சுக்கும் அது முனகியது,
போகவில்லை.

விழித்தபோது அம்மா பேரட்டுக்குக் கிளம்பியிருந்தாள்.
நடுத்துடுப்பில் டார்ச்சை மாட்டியிருந்தாள்.
வாசலில் இருந்தே, திரும்பாமல்:
"புதுத் தகரம் வாங்கிப் போட்டுட்டு
ஒன் பலகைய எடுத்துக்கிட்டுப் போ."