தொழில் என்ற கட்டம்

மாதவரம் மண்டல அலுவலகம், மூன்றாம் எண் சன்னல்.
இறப்புப் பதிவுப் படிவத்தில்
தொழிலுக்கு ஒரே ஒரு கட்டம்.
"டீச்சர்னே போடுங்க சார்,
பென்சனுக்கு அதுதான் சரி" என்றார் குமாஸ்தா.
போட்டேன்.
ரூபி சுகிர்தம், அறுபத்து மூன்று, ஆசிரியை (ஓய்வு).
மை காய்வதற்குள்
பாதிப் பொய்யாகத் தெரிந்தது.

டயர் கம்பெனி எங்களை வெளியே விட்டுக்
கேட்டைப் பூட்டிய வருடம்
மஞ்சம்பாக்கத்தில் நாற்பது சென்ட் குத்தகைக்குப் பிடித்தாள்.
சம்பளம் என் அம்மாவின் மருந்துக்கு,
கீரை பிள்ளைகளின் ஃபீசுக்கு.
"எனக்கு?" என்றேன்.
"நீங்க கட்டு கட்டுங்க."
ஒரு வாரம் கட்டினேன்.
மூலக்கடை போய்ச் சேர்வதற்குள்
ஷேர் ஆட்டோ நெடுக அவிழ்ந்து கிடந்தது சிறுகீரை.
எட்டாம் நாள், நிலத்தை ஒட்டிய குடோனில்
எனக்கு இரவுக் காவல் வேலை பார்த்து வைத்தாள்.

அதனால் அவள் எழுவதை
இருபத்தாறு வருடம் நான் பார்த்ததில்லை.
மூன்றே முக்காலுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம்
மோட்டார் ஒருமுறை இருமும்,
அப்புறம் ஓடும்.
வந்துவிட்டாள் என்று
ஸ்டூலில் நிமிர்ந்து உட்காருவேன்.

எட்டே முக்காலுக்குக் கார்ப்பரேஷன் பள்ளியில்
நகக்கண்ணில் மண்ணோடு நிற்பாள்.
சாக்பீஸ் பிடித்தால் தெரியாது என்பாள்.
தெரியும்.
பின்னக் கணக்கைக் கட்டுக் கணக்காக நடத்துகிறவளைக்
'கீரை மிஸ்' என்று கூப்பிடாமல்
அஞ்சாங்கிளாஸ் வேறென்ன செய்யும்?

பழைய வருகைப் பதிவேட்டின் மிச்சத் தாள்களில்
பாத்திகளுக்கு வரிசை எண் போட்டிருக்கிறாள்.
முளைத்ததற்கு டிக்.
முளைக்காததற்கு 'ஆ'.
ஒன்பதாம் பாத்தி: ஆ, ஆ, ஆ, ஆ.
ஓரத்தில் சிவப்பு மையில்,
'பெற்றோரை அழைத்து வரவும்.'
சாவு வீட்டில் நான் சிரித்ததைப் பார்த்து
என் தங்கை பயந்துபோனாள்.

ஜெபத்தை நீட்ட மாட்டாள்.
"ஆண்டவரே, இன்னிக்கு இவ்வளவுதான் முடிஞ்சது."
அவ்வளவுதான். விளக்கை அணைத்துவிடுவாள்.
அறுப்பின் பண்டிகை ஏலத்தில்
அவள் வைத்த அரைக்கீரை ஐந்நூறுக்குப் போனபோது
கோபம் வந்தது அவளுக்கு.
"பத்து ரூபா கீரை. உங்க பேரச் சொன்னா
வெலை ஏறிடுமா?"
கேட்டது ஐயரிடம் இல்லை,
பீடத்தைப் பார்த்து.
வெள்ளம் வந்த வருடம்
பாத்தி எது, வரப்பு எது என்று தெரியவில்லை.
முதன்முதலாகக் கடையில் ஒரு கட்டு வாங்கினாள்.
காசு கொடுக்கும்போது கை தயங்கியது.
பீடத்தில் வைத்து,
"இது என்னுது இல்ல. உங்களுக்கே தெரியும்" என்றாள்.

இளையவன் சர்ச்சுக்கு வருவதை நிறுத்தியபோது
நான் கத்தினேன். அவள் கத்தவில்லை.
ஞாயிறு காலை அவனுக்கு இட்லியை மூடி வைத்துவிட்டு
ஆராதனையில் தன் பக்கத்து இடத்தில்
கைப்பையை வைத்துக்கொள்வாள்.
பதினொரு வருடம்.
"யாராவது வராங்களா?" என்று கேட்பவர்களிடம்
"வருவான்" என்பாள்.
அடக்க ஆராதனைக்கு வந்தான்.
அந்த இடத்தில்தான் உட்கார்ந்தான்,
கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு.
விசுவாசம் வந்ததா என்று நான் கேட்கவில்லை.
பையைத் திறந்து பார்த்தானாம்:
ஒரு துண்டு சாக்பீஸ், பஸ் டிக்கெட்டில் மடித்த விதை.

நேற்று மூன்றே முக்காலுக்குச்
சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.
டூட்டி நேரத்தில் கேட்டைத் தாண்டக் கூடாது.
தாண்டினேன்.
சுவிட்சைப் போட்டேன்.
இருமும் என்று காத்திருந்தேன்,
இருமாமல் நேராக ஓடியது.
டார்ச் வெளிச்சத்தில்
எது கீரை, எது களை
எனக்குத் தெரியவில்லை.
மடையைத் திறந்து
எல்லாவற்றுக்கும் விட்டேன்,
ஒன்பதுக்கும்.