நான்கு விரல்

ஒப்புவோவில் நடுப்பகல்.
பானெட்டைத் திறந்தால்
உள்ளிருந்து இன்னொரு நடுப்பகல் வெளியே வருகிறது.
"இங்கே வை, ஹிஸ்கியா" என்கிறார் டாக்டர் ரௌனா,
ஏர் ஃபில்டருக்கு அந்தப் பக்கம்
கைக்குட்டை அகலத்தில் ஓர் இடத்தைக் காட்டி.
ஒரு உறையில் இரண்டு கத்தியா, டாக்டர்?
இந்தச் சூட்டில் இரண்டாம் பேட்டரி
இரண்டு கோடைகூடத் தாங்காது.
வயிறு உப்பிச் சாகும்.
உங்களுக்குத் தெரிந்த நோய்தான்,
ஈரப்புல்லில் மேய்ந்த மாட்டுக்கு வருவது.

அவர் சிரிக்கவில்லை.
சனிக்கிழமை எடங்காவுக்குப் போயாக வேண்டும்,
எண்ணூறு மாட்டுக்குக் கோமாரி ஊசியோடு.
இரண்டு டிகிரிக்குக் கீழே போனாலும் செத்த மருந்து,
எட்டுக்கு மேலே போனாலும்.
போன மாதம் இருக்கிற ஒரே பேட்டரியை
ஃப்ரிட்ஜ் இரவெல்லாம் குடித்துத் தீர்த்ததில்
விடிகாலை வண்டி ஒரு முறை இருமி அடங்கிவிட்டது.
ஹிம்பா ஆட்கள் பதினோரு பேர் தள்ளினார்களாம்.
அதில் மூன்று பேர்
முந்தின நாள் ஊசி வேண்டாமென்று
மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர்கள்.

பின் தட்டில் வைக்கலாம்,
ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்திலேயே.
ஆனால் நான்கரை மீட்டர் கேபிள்.
இங்கே பதினான்கு வோல்ட்டாகப் புறப்படுவது
அங்கே பதின்மூன்றாகப் போய்ச் சேரும்,
நாலு கை மாறி வருகிற பணம் மாதிரி.
அப்புறம் அந்தச் சாலை இருக்கிறதே,
வரிவரியாய்க் கிடந்து
வண்டியை முறத்தில் போட்டுப் புடைக்கும்.
நட்டெல்லாம் பதராய்ப் பறக்கும்.

அடியில், சேஸிக்கு வெளியே?
ஹோவானிப் ஆறு
வருடத்தில் ஏதோ ஐந்து நாள் ஓடினால் அதிகம்.
அந்த ஐந்தில் ஒரு நாள்தான் டாக்டர் அதைக் கடப்பார்.
அவரை எனக்குத் தெரியும்.

"அப்படியானால் இந்த சீட்டைக் கழற்று."
இடது சீட்.
உதவிக்கு இருந்த வெகூயி
ஒச்சிவரோங்கோவுக்கு மாற்றலாகி ஒன்பது மாதம்.
"யாரும் வரப்போவதில்லை. சும்மாதானே கிடக்கிறது."

பதினேழாம் நம்பர் ஸ்பேனர், நான்கு போல்ட்.
மூன்றாவது துருவில் பிடித்துக்கொண்டு
என் கெட்ட வார்த்தைகளை எல்லாம் வாங்கிக்கொண்டது.
சீட்டைத் தூக்கினால்
ஊசி மூடிகள் ஒரு கைப்பிடி,
கடித்து வைத்த உப்புக்கண்டம்,
வெகூயி கையெழுத்தில் ஒரு தாள்:
வரிசையாய் மாட்டுக் காது எண்கள்,
கடைசியில்,
'டாக்டர் தூங்கிட்டாங்க. ஃப்ரிட்ஜ் 5.'
அவர் அதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
பிறகு போய் டயரைப் பார்த்தார்.
நேற்றுத்தான் மாற்றிய டயர்.

நான் டேப்பை எடுத்தேன்.
இது அமிலம் தளும்பாத வகை,
படுக்கப் போட்டாலும் ஒன்றும் ஆகாது.
படுத்தால் பதினேழு சென்டிமீட்டர்.
சீட்டுக்கு அடியில் இருப்பது பத்து.
நான்கு விரல் குறைகிறது.
நான்கு விரல் என்றால்
ஒரு துண்டு இரும்புக் குழாய்,
அரை மணி நேர வெல்டிங்.

முப்பது கிலோவைப் பட்டை போட்டு இறுக்கினேன்.
நடுவே ஒரு கறுப்புப் பெட்டி:
எஞ்சின் ஓடும்வரை இரண்டையும் சேர்த்து வைக்கும்,
நின்றதும் பிரித்துவிடும்.
ஃப்ரிட்ஜ் ராத்திரி எவ்வளவு கெஞ்சினாலும்
காலைக்கு வைத்த முதலில் கை வைக்க விடாது.
ஃப்யூஸ் இரண்டு முனையிலும்.
மேலே, பழைய இடத்திலேயே, சீட்.

"கழற்றத்தானே சொன்னேன்?"
"கழற்றினேனே, டாக்டர்."

செவ்வாய் இரவு ரேடியோ கரகரத்தது.
ஃப்ரிட்ஜ் நான்கு. மூன்று ராத்திரியும் நான்கு.
ஐந்நூற்றுப் பத்து மாடு முடிந்தது.
"அப்புறம், ஹிஸ்கியா,
கால் முறிந்த ஒருவரை ஏற்றிக்கொண்டு வருகிறேன்.
ஆறரை அடி இருப்பார்.
பள்ளத்துக்குப் பள்ளம் தலை கூரையில் இடிக்கிறது.
சீட்டை உயர்த்தினவன் பெயரைக் கேட்டார்.
சொல்லிவிட்டேன்."