தொடங்கும் நேரம்

கவுன்சில் அனுப்பிய படிவத்தில் ஒரு கட்டம்:
பாடம் தொடங்கும் நேரம்.
மூன்று நாளாய் அது மட்டும் காலி.

என்ன எழுத?
இன்று, அடுப்பு அணைந்துபோன
ஐந்தரை மணிக்குத் தொடங்கியது.
"காத்துக் கதவை மூடி வெச்சா
கரி எப்படிம்மா எரியும்?"
எழுந்து வந்தான் ஜோரி,
ஒரு காலில் மட்டும் காலுறை.
வேதியியல் என்று குறித்துக்கொண்டிருக்கலாம்.
டீ போட்டேன்.

தண்ணீர்த் தொட்டியில் குச்சி விட்டு அளப்பவள் பிரையனி.
கால்வாசி இருக்கிறது. மூவர்.
அவள் கணக்கில் முதலில் கழிபடுவது
எப்போதும் தம்பியின் குளியல்.

எல்லா நாளும் இப்படியில்லை.
வார்விக்‌ஷயரில் அக்டோபர் மழைக்கு அவசரமே கிடையாது.
செவ்வாய் முழுக்கப் பெய்தது.
ஐம்பதடி நீளம், ஆறடி அகலம்,
அதற்குள் தூக்கி வைத்த மூன்று முகங்கள்.
பின்னம் பிடிபடாமல் பென்சிலைக்
கால்வாயில் எறிந்தான்.
எனக்கும் பிடிபடவில்லை என்பதைச் சொல்லவில்லை.
அவர்கள் தூங்கியபின் போனில் பார்த்தேன்,
சின்னப் பிள்ளைகளுக்கான வீடியோ,
சத்தத்தைக் குறைத்து,
இரண்டு முறை.

எட்டு நாற்பதுக்கு அவன் படகின் கூரையில் இருப்பான்.
செங்கல் பாலத்தில் பள்ளிப் பிள்ளைகள் போவார்கள்,
பச்சை ஸ்வெட்டர்கள்.
நோட்டில் கோடு கோடாய் இழுப்பான்,
ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு.
நாற்பத்திரண்டு. நாற்பத்திரண்டு.
திங்கள் நாற்பத்து மூன்று
("ஒரு கைக்குழந்தையையும் சேர்த்துட்டேன், அடிச்சிடவா?").
புதன் நாற்பத்தொன்று.
மறுபடி எண்ணுவதற்கு அவர்கள் நிற்கவில்லை.
"மஞ்சள் பூட்ஸ் வரலை" என்றான்.

பெயர் தெரியாது.
ஒருநாள் பாலத்துச் சுவரில் தாடையை வைத்து
"நீ ஏன் ஸ்கூலுக்குப் போகலை?" என்றாளாம்.
"போறேனே" என்றானாம்.
எங்கே என்று கேட்பதற்குள்
மணி அடித்துவிட்டது.

வியாழனும் நாற்பத்தொன்று.
வெள்ளி எங்களுக்குப் பதினான்காம் நாள்.
அதற்குமேல் ஒரே கரையில் படகைக் கட்டக்கூடாது.
உரிமத் தாளை எடுத்துவந்து
உரக்கப் படித்தான், எழுத்துக்கூட்டி,
ஓட்டை தேடும் வக்கீல் போல.
'நியாயமான காரணம் இருந்தால் ஒழிய'
என்ற இடத்தில் விரல் நின்றது.
"இது நியாயமான காரணமா அம்மா?"

எதற்கெடுத்தாலும் சிரிக்கும் பிரையனி
சிரிக்கவில்லை.
கட்டவிழ்க்கப் போனவள்
ஈரக் கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

மூவரும் கூரையில்.
அவன் எண்ணினான், அவளும் எண்ணினாள், உதடு அசையாமல்.
நானும்தான்.
முப்பத்தெட்டு, சண்டை போட்டபடி இருவர்,
நாற்பத்தொன்று, ஷூ லேஸ் அவிழ்ந்த ஒருவன்.
பிறகு பாலம் வெறும் பாலமாக இருந்தது.

ஜோரி கோட்டை இழுக்கவுமில்லை,
நோட்டை மூடவுமில்லை.

எஞ்சினை நான் இன்னும் போடவில்லை.
மணி எட்டு ஐம்பத்திரண்டு.
உள்ளே போய்
அந்தக் கட்டத்தில் அதை எழுதினேன்.